ஏஎஃப் இதயத்துடிப்புக் கோளாறும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரத்தில் ஒருவருக்கு ‘ஏஎஃப்’ என்று சீட்டு எழுதி வந்துவிட்டால், முதலில் குழம்புகிறவர் அந்த வீட்டில் சமைக்கிறவர்தான். மருத்துவர் மாத்திரையைச் சொல்லி அனுப்புகிறார். கீரை, காபி, இளநீர் எல்லாவற்றுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்கிறார். திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை, கேட்கிறவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

சீட்டுல ஏஎஃப்னு போட்டிருக்காங்க. அது என்ன, அடைப்பா?

அடைப்பு இல்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே அதிர்ந்துகொண்டிருப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். நாடியைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும்: ஒரு துடிப்பு சீக்கிரம் வரும், அடுத்தது தாமதிக்கும், எந்தக் கணக்கிலும் அடங்காது. எண்ணும்போது கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். முழு நிமிடமும் எண்ண வேண்டும். உறுதி செய்வது ஈசிஜி மட்டுமே.

சரியாகச் சுருங்காத மேலறையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991-லேயே சொன்னது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். கீழே வரும் சாப்பாட்டுப் பேச்சில் பாதி அந்த மாத்திரையைப் பற்றியதாகவே இருக்கும்.

எதைச் சாப்பிட்டா இது குணமாகும்?

குணமாக்கும் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. உணவு மூன்று வழியாகத்தான் இதில் நுழைகிறது. மது, வயிறு முட்டிய சாப்பாடு போன்றவை அன்றைக்கு அன்றே படபடப்பைத் தூண்டிவிடும். உப்பும் மிகை எடையும் வருடக்கணக்கில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றி மேலறையை விரிய வைக்கும். மூன்றாவது, சில பண்டங்கள் மாத்திரையின் வேலையைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

மூன்றிலும் பொதுவாகக் கெடுதல் செய்வது திடீர் மாற்றம். நேற்றுவரை தினமும் தின்றதை இன்று அடியோடு நிறுத்துவதும், தொடாததை இன்றிலிருந்து கிண்ணம் கிண்ணமாகத் தின்பதும் ஒரே தவறுதான்.

காலையில டிகிரி காபி இல்லாம ஆகாது. அதை விட்டுடணுமா?

பெரும்பாலோர் விட வேண்டியதில்லை. காபி ஏஎஃப்பைத் தூண்டும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் 2025-ல் வெளியான ஒரு ஆய்வில், மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கிய 200 காபிப் பழக்கக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். தினம் ஒரு கப்பாவது குடித்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும், காபியை அடியோடு விட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கும் 6 மாதத்துக்குள் கோளாறு திரும்பியது. குடித்தவர்கள் கூட்டத்தில்தான் குறைவு. இதைக் காபி மருந்து என்று எடுத்துக்கொண்டு டம்ளரைக் கூட்ட வேண்டாம். பயந்து நிறுத்த வேண்டாம் என்பது வரைக்கும் சரி.

காலையில் ஒன்று, மாலை 4 மணிக்குள் ஒன்று போதும். இரவுக் காபி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மறுநாள் படபடப்பு வரும். காபி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு முறையும் துடிப்பு தப்புகிறது என்றால் உங்கள் உடம்புக்கு அது ஆகவில்லை, விட்டுவிடுங்கள். இதையெல்லாம் டப்பாவில் வரும் எனர்ஜி பானத்துக்குப் பொருத்த வேண்டாம். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அவர் தினமும் குடிக்கிற ஆள் இல்லை. கல்யாணம், திருவிழான்னா மட்டும்தான். அதுல என்ன ஆகிடப்போகுது?

அதில்தான் ஆகும். ஒரே நாளில் நிறையக் குடித்து அன்றிரவோ மறுநாளோ ஏஎஃப்புடன் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு மருத்துவத்தில் ‘ஹாலிடே ஹார்ட்’ என்று 1978-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். இதுவரை ஏஎஃப் இல்லாதவருக்கும் வரலாம்.

வழக்கமாகக் குடிக்கும் ஏஎஃப் நோயாளிகள் 140 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2020-ல் வந்தது. மதுவை நிறுத்தச் சொன்ன பிரிவில் 53 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் தொடர்ந்த பிரிவில் 73 சதவீதம் பேருக்கும் 6 மாதத்தில் கோளாறு திரும்பியது. சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள். பீர், ஒயின், பிராந்தி என்ற பேதமெல்லாம் இதயத்துக்குக் கிடையாது.

ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததும்தான் நெஞ்சு திக்கு திக்குங்குது. ஏன்?

வயிறு முட்டச் சாப்பிட்டதும் இரைப்பை விரிந்து, மூளையிலிருந்து இதயத்துக்கும் இரைப்பைக்கும் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டும். சிலருக்கு ஏஎஃப் தொடங்கும் வழி அதுதான். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இன்னும் எளிதில் வரும். ஒரு சிலருக்கு ஐஸ் போட்ட பானத்தை மடக் மடக்கென்று குடித்தாலே துடிப்பு தப்பும்.

இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கி, படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். 8 மணிக்கு இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால் 11 மணிப் படபடப்பு பலருக்குக் குறையும். ஆடிப்பெருக்குக்குக் கட்டும் சித்திரான்னமோ கல்யாணப் பந்தியோ, பகலில் அளவாக இருக்கட்டும். சாப்பாட்டைச் சரிசெய்தும் இரவில் தொல்லை தொடர்ந்து, பலமான குறட்டையும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதுவும் ஏஎஃப்புக்கு ஒரு காரணம்.

உப்பு எவ்வளவு போடலாம்? நாங்க வேதாரண்யம் கல் உப்புதான் வாங்குறோம், அது பரவாயில்லைதானே?

கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இதயம் ஊர் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள். அயோடின் சேர்க்காத கல் உப்பு என்றால் தைராய்டுக்காக அயோடின் உப்புக்கு மாறுவது நல்லது. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் ஏஎஃப் வரும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையை முதலிலேயே எழுதித் தருவார்கள்.

தேக்கரண்டியால் அளந்து யாரும் சமைப்பதில்லை. அதனால் பாக்கெட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். வாங்கிய தேதியைப் பாக்கெட் மேலேயே எழுதி வையுங்கள். 30 நாளில் காலியானால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது, கடையில் வாங்கிய ஊறுகாயும் மிக்சரும் தனி.

கருவாடு, மோர் மிளகாய், வடகம் இதெல்லாம்?

நம் பக்கத்து உப்பில் பெரும்பங்கு ஒளிந்திருப்பது இங்கேதான். பழைய சோறு நல்ல சாப்பாடு. அதற்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாயும் ஊறுகாயும்தான் வில்லங்கம். சின்ன வெங்காயத்துக்கு மாறிவிட்டால் பழைய சோற்றை விட வேண்டியதில்லை. கருவாட்டை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினால் உப்பு ஓரளவு இறங்கும், முழுக்கப் போகாது. இதயம் பலவீனம், கால் வீக்கம் என்று சொல்லியிருந்தால் கருவாடு வேண்டாம். நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு பச்சை மீனுக்கா பஞ்சம்!

இளநீர், வாழைப்பழம் இதயத்துக்கு நல்லதுன்னு தினமும் குடுக்குறோம். சரியா?

இரண்டிலும் பொட்டாசியம் உண்டு. ஒரு டம்ளர் இளநீரில் சுமார் 400 முதல் 500 மில்லிகிராம் இருக்கும். நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறத்தாழ 400. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு கெடும், கூடினாலும் கெடும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குத் தினம் ஒரு பழம், அவ்வப்போது ஓர் இளநீர் பிரச்சினை இல்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர், ரத்த அழுத்தத்துக்கோ இதய பலவீனத்துக்கோ கொடுக்கும் டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் இவற்றில் ஏதாவது சாப்பிடுகிறவர் தினமும் இளநீர் குடிப்பதற்கு முன் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பரிசோதனை செய்து கேட்டுக்கொள்ள வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இவர்களுக்கு அது ஆபத்து. மற்றவர்களுக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஒரே அடுப்பில் எல்லாருக்கும் சமைக்கிற வீட்டில் யாரை உத்தேசித்து வாங்குவது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறவங்க கீரையே தொடக் கூடாதாமே?

எந்த மாத்திரை என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. அட்டையைப் பாருங்கள். வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் (‘அசிட்ரோம்’ என்று வருவது) என்றிருந்தால் மட்டுமே கீரைக் கணக்கு. இவை வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைக் குறைப்பவை. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. கீரை திடீரென்று கூடினால் மாத்திரை தோற்கும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) இறங்கும். திடீரென்று நின்றால் ஐஎன்ஆர் ஏறி ரத்தக் கசிவு வரும். ஏஎஃப்புக்குப் பொதுவான இலக்கு 2 முதல் 3. செயற்கை வால்வு இருந்தால் மருத்துவர் வேறு இலக்கு சொல்லியிருப்பார்.

அதனால் கீரையை விடாதீர்கள், ஒரே அளவில் வையுங்கள். வாரம் மூன்று நாள் மதியம் ஒரு கிண்ணம் என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும், மாத்திரை அளவை அதற்கேற்ப மருத்துவர் பொருத்திவிடுவார். கீரையே தொடாதவர்களின் ஐஎன்ஆர்தான் உண்மையில் அதிகமாக ஆடும். கொஞ்சம் சாப்பிட்டாலும் சட்டென்று சரியும். கவனிக்க வேண்டியவை முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, முருங்கைக்கீரை, பசலை, அப்புறம் பலரும் கீரையாகவே எண்ணாத கொத்தமல்லித் துவையல், புதினாத் துவையல், கறிவேப்பிலைப் பொடி. தாளிக்கும் நான்கு இலை கறிவேப்பிலையால் ஒன்றும் ஆகாது. வேகவைத்தால் இந்த வைட்டமின் அழியாது. ஒரு கட்டுக் கீரை வெந்து ஒரு கிண்ணமாகச் சுருங்கும்போது எல்லாம் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. கத்தரி, பூசணி, சுரை, வாழைத்தண்டு, வாழைக்காய், முள்ளங்கி, உருளை பற்றிக் கவலையே வேண்டாம். எண்ணெயில் சோயாவில்தான் வைட்டமின் கே அதிகம். கடலெண்ணெயிலிருந்து அதற்கு மாறினால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கீரை அளவு மாறவே இல்லை. ஆனா இந்தத் தடவை ஐஎன்ஆர் 4.8. எப்படி?

சாப்பாட்டை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாய்க்குப் பிடிக்காமல் கஞ்சியோடு நாள் ஓட்டியது ஏதாவது உண்டா என்று பாருங்கள். சாப்பாடு குறைந்தாலே வைட்டமின் கே குறைந்து ஐஎன்ஆர் ஏறும். அடுத்தது ஆன்டிபயாடிக். மெட்ரோனிடசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோல் இரண்டும் நன்றாகவே ஏற்றிவிடும். துடிப்புக்கு அமியோடரோன் புதிதாகத் தொடங்கினாலும் ஏறும். பாராசிட்டமால்கூடப் பல நாள் தொடர்ந்தால் ஏற்றும்.

மருந்துக்கடையில் ‘உடம்பு வலி’ என்று கேட்டு வாங்கும் செட் மாத்திரையில் டைக்ளோஃபெனாக் போன்ற ஒன்று இருக்கக்கூடும். அது வயிற்றைப் புண்ணாக்கி ரத்தக் கசிவை வரவழைக்கும், ஐஎன்ஆர் சரியாக இருந்தாலும்கூட. இது எல்லா ரத்தம் உறையாத மாத்திரைக்கும் பொருந்தும். 4.8 என்று வந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். கருமலம், சிறுநீரில் ரத்தம், தலையில் அடி என்றால் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

புது மாத்திரைக்குப் பத்தியமே இல்லைன்னாங்க. அப்படின்னா எதுவும் பார்க்க வேண்டாமா?

அபிக்சபான், டாபிகட்ரான், ரிவராக்சபான் மூன்றுக்கும் கீரைக் கணக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் ரிவராக்சபான் 15, 20 மில்லிகிராம் சாப்பாட்டோடு போட்டால்தான் முழுசாக உடம்பில் சேரும். வெறும் வயிற்றில் போட்டால் 20 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு வீண். இரவு ஒரு டம்ளர் பாலோடு படுத்துக்கொள்கிறவர் அதை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அபிக்சபானைச் சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். இரண்டு வேளையும் தவறக் கூடாது. டாபிகட்ரான் கேப்சூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு எரியும்.

‘பத்தியம் இல்லாத மாத்திரைக்கு மாத்திக்கலாமே’ என்று எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம்மிடையே நிறைய. அப்படிப்பட்டவர்களில் ரிவராக்சபானைவிட வார்ஃபரின் போன்ற பழைய வகை மாத்திரைதான் உயிர் காத்தது என்று 2022-ல் வந்த ஆய்வு காட்டியது. செயற்கை உலோக வால்வுக்கும் பழையதுதான்.

ஏகாதசி, சனிக்கிழமை விரதம் இருக்கலாமா?

மாத்திரையைத் தவறவிடாமல் இருக்க முடிந்தால் ஒரு வேளை விரதம் பலருக்கும் ஆகும். ரிவராக்சபான் போடுகிறவர் மேலே சொன்னபடி அதைச் சாப்பிடும் வேளையில் வைத்துக்கொள்ள வேண்டும். வார்ஃபரின் போடுகிறவர் வாரம் ஒரு நாள் என்று நிலையாக இருக்கலாம். ஐந்தாறு நாள் சேர்ந்தாற்போல் சாப்பாட்டைக் குறைத்தால் மேலே ஐஎன்ஆர் கேள்வியில் வந்த 4.8 கதைதான். தண்ணீரும் குடிக்காத விரதம், சர்க்கரைக்கு ஊசி அல்லது மாத்திரை போடுகிறவர்களின் முழு நாள் விரதம் இரண்டும் வேண்டாம். விரதம் முடித்து ஒரேயடியாகச் சாப்பிடுவதும் இரவுப் படபடப்புக்கு வழி.

டிஜாக்சின் குடுத்திருக்காங்க, வாரம் 5 நாள். இருமலுக்கு அதிமதுரம் வாயில அடக்கிக்கிறாங்க. பரவாயில்லையா?

கூடாது. டிஜாக்சின் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை. அதிமதுரம் தொடர்ந்து சேர்ந்தால் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் வழக்கமான டிஜாக்சின் அளவே நஞ்சாகும். கூடவே ஃப்யூரோசெமைடு போன்ற நீர் மாத்திரையும் இருந்தால் இரண்டு பக்கமும் பொட்டாசியம் போகும். இருமல் சூரணம், லேகியம் வாங்கும்போது அதிமதுரம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிஜாக்சின் மிகையானால் முதலில் தெரிவதும் சாப்பாட்டில்தான்: பசி போகும், குமட்டும், சிலருக்குப் பார்வை மஞ்சளாகும். ‘வயசாச்சு, சாப்பாடு எறங்கல’ என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். தவிட்டு உணவு, நார்ச்சத்துப் பொடி இவற்றோடு டிஜாக்சினைச் சேர்த்துப் போட்டால் குறைவாகவே உடம்பில் சேரும், இடைவெளி விடுங்கள்.

பூண்டு, இஞ்சி, மஞ்சள் ரத்தத்தை இளக்கும்னு சொல்றாங்களே. மாத்திரைக்குப் பதில் அது போதாதா?

குழம்பிலும் ரசத்திலும் போடும் அளவு சமையல். அதற்குத் தடையும் இல்லை, மருத்துவ பலனும் இல்லை. பக்கவாதத்தைத் தடுக்க அது போதாது. கேப்சூலாகவும் சாறாகவும் மிகையாக எடுத்தால் மாத்திரையோடு சேர்ந்து ரத்தக் கசிவைத்தான் கூட்டும். மீன் எண்ணெய் கேப்சூலும் இப்படித்தான்: தினம் 4 கிராம் அளவில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் ஏஎஃப் கூடவே செய்தது. மத்திமீன் குழம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மீனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

உடம்பு தேறட்டும் என்று உறவினர்கள் வாங்கிவரும் சத்துப் பவுடர் டப்பாவையும் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் வைட்டமின் கே சேர்த்திருப்பார்கள். அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட் தொடக் கூடாது. பம்ப்ளிமாஸும் அதே இனம் என்பதால் தவிர்ப்பது நல்லது. ஆரஞ்சு, சாத்துக்குடி பரவாயில்லை.

வெத்திலை பாக்கு போடலாமா?

வெற்றிலை மட்டும் என்றால் சண்டை இல்லை. பாக்கில் உள்ள அரிகோலின் நரம்பைத் தூண்டித் துடிப்பை வேகப்படுத்தும், புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை விட மனசில்லாதவர்கள் பாக்கையும் புகையிலையையும் விட்டுவிட்டு விருந்துக்கு ஒன்று போட்டுக்கொள்ளட்டும்.

எடை குறைச்சா நிஜமாவே பலன் உண்டா? மூணு வேளையும் சோறுதான் எங்களுக்கு.

உண்டு, மாத்திரைக்கு நிகராகச் சொல்லலாம். உடல் பருமன் உள்ள ஏஎஃப் நோயாளிகளை அடிலெய்டு நகரில் வருடக்கணக்கில் கவனித்து 2015-ல் வெளியிட்டார்கள். எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து அதை நிலைநிறுத்தியவர்கள் கோளாறு திரும்பாமல் இருந்த வாய்ப்பு 6 மடங்கு. 80 கிலோ ஆளுக்கு 8 கிலோ. எடை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்தப் பலனில் ஒரு பகுதி போய்விட்டது. பட்டினி கிடந்து ஒரு மாதத்தில் இறக்குவதில் அர்த்தமில்லை என்பதற்கு இது போதும்.

சோற்றை விடச் சொன்னால் தஞ்சாவூரில் யாரும் கேட்கப்போவதில்லை. இரவு ஒரு வேளையைச் சோறில்லாமல் ஆக்குங்கள். மதியம் சாம்பார், ரசம், மோர் மூன்றுக்கும் தனித்தனியாகச் சோறு வாங்காமல் முதலில் போட்ட அளவையே மூன்றாகப் பிரியுங்கள். காய் இரண்டு மடங்கு, அதில் எண்ணெய் பாதி. மாதம் ஒன்றரைக் கிலோ இறங்கினால் போதும்.

சித்திரை வெயில், நடவு வேலை. தண்ணி அதிகம் குடிக்கலாமா, கூடாதா?

வியர்த்து நீர் வற்றினாலும் துடிப்பு தப்பும். இதய பலவீனம் இல்லாதவர் தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும். உப்புக் குறைத்த நீர்மோர் நல்லது. இதயம் பலவீனம் என்று சொல்லித் தண்ணீருக்கு அளவு கொடுத்திருந்தால் அந்த அளவை வெயில் காலத்துக்கென்று மருத்துவரிடம் மறுபடி கேட்டு வாங்குங்கள். வாந்தி, பேதி வந்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தொடங்கிவிட்டு, நீர் மாத்திரையை அன்றைக்குப் போடலாமா என்று போனிலாவது கேளுங்கள்.

சாப்பாட்டைச் சரி பண்ணிட்டோம், குடியும் விட்டாச்சு, துடிப்பும் சீராயிடுச்சு. இனிமே ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. ஏஎஃப் உங்களுக்குத் தெரியாமலே வந்து போகும். படபடப்பு இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. மாத்திரை வேண்டுமா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய பலவீனம், முன்பு வந்த பக்கவாதம் இவற்றைக் கூட்டித்தான் முடிவு செய்கிறார்கள். நீங்கள் உணரும் துடிப்பு அந்தக் கணக்கில் இல்லை.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு நேரத்தைப் போக்காமல் 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். விழுங்குவது சிரமமாக இருக்கும் என்பதால் வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணி வரை நன்றாக இருந்தார் என்ற இரண்டையும் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள்.